காய்ச்சலும் பாய்ச்சலுமாக ஒரு படிப்பு

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமாகும் நாள்களில், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டப் பள்ளிகளிலும் ஒரு மும்முரம் ஏறிவிடுகிறது. பொதுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான். காலையில் மணி அடிப்பதற்கு முன்பே சிறப்பு வகுப்பு, மாலையில் மணி அடித்த பிறகும் சிறப்பு வகுப்பு. ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியல் ஒன்று, அவர்களுக்கென்று குறைந்தபட்சக் கையேடு ஒன்று. பாடத்தின் பின்பக்க வினாக்களை ஐந்து முறை எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடம் வேறு. அப்பா நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் இருப்பார். பிள்ளை வீட்டில் புத்தகத்துக்குக் காவல் இருக்கும். இந்த உழைப்பை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் தங்களால் இயன்ற எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். ஆனால் கொட்டுகிற இடம் சரிதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ‘படி, படி’ என்று நாம் விரட்டும்போது பெரும்பாலான பிள்ளைகள் செய்வது ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான். பாடம் மனத்தில் நிலைப்பதோ, புத்தகத்தை மூடிவிட்டு ‘இப்போது என்ன படித்தேன்?’ என்று தன்னையே கேட்டுத் தடுமாறும் அந்தச் சில நிமிடங்களில். புத்தகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிக்கொண்டே போவதில் நாம் செலவிடும் சக்தியில் பாதியை மூடியிருக்கும் நேரத்துக்குத் திருப்பினால் போதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குச் சோதனைச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களிடம் ஒரு சிறிய உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழுவினர் அதை நான்கு சுற்றுகள் வாசித்தார்கள். அந்த நேரத்துக்குள் சராசரியாகப் பதினான்கு தடவை படித்து முடித்தார்கள். இன்னொரு குழுவினர் முதல் சுற்றில் மட்டும் வாசித்தார்கள். மிச்சமிருந்த மூன்று சுற்றுகளிலும் பகுதியைப் பார்க்காமல், வெற்றுத் தாளில் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள்: அவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாக மாறியது: வாசித்தவர்கள் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். இதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ‘ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?’ என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் வாசித்த குழுவினர்தான். குறைவாக நினைவில் வைத்திருக்கப் போகிறவர்களுக்கே தெம்பு அதிகமாக இருந்தது.

தேர்வறையிலிருந்து வெளியே வரும் பிள்ளை ‘எல்லாம் படிச்சதுதான், எழுத உட்கார்ந்தா வரலை’ என்று அழுவதற்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆறாவது முறை வாசிக்கும்போது வரிகள் பழகிய முகங்களாகத் தெரிகின்றன. அந்தப் பழக்கத்தை அறிவென்று மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. பார்த்தால் தெரிகிற முகத்துக்குப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும் என்பதில்லை. கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013-ல் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதுவரை கிடைத்திருந்த சான்றுகளை எடைபோட்டார்கள். வரிகளுக்குக் கோடிடுவது, திரும்ப வாசிப்பது இரண்டும் பயன் குறைந்தவை என்ற வரிசையில் விழுந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டுமே மேல் வரிசைக்கு வந்தன. நம் பிள்ளைகளின் புத்தகங்களில் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று கோடு விழாத வரியே இல்லை என்பதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துச் சரக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. காவிரிக் கரை இதை முன்பே அறிந்திருந்தது. பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர், ‘என் சரித்திரம்’ நூலில் தம் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களை விவரித்திருக்கிறார். மாலையில் பள்ளி விடும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் பிள்ளை அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஓர் இரவு இடைவெளி, கையில் ஏடு இல்லை, நினைவிலிருந்து எடுத்தாக வேண்டும்: நவீன ஆய்வுகள் மேல் வரிசையில் வைக்கும் இரண்டும் அந்தச் சிறு வழக்கத்துக்குள் அடங்கிவிட்டன. எண்சுவடியும் இப்படித்தான் கற்பிக்கப்பட்டது. நெல்லை அளக்க நெல்லிலக்கம், நிலத்தின் பரப்பைக் கணக்கிடக் குழிமாற்று என்று வேளாண் நாட்டுக்குத் தேவையான வாய்பாடுகளைச் சட்டாம்பிள்ளை முறை சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பிறகு தனித்தனியே ஒப்பித்தார்கள். இந்தக் கணக்கு மரபை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் செந்தில்பாபு, அங்கே நினைவு என்பது அர்த்தமற்ற ஒப்பித்தலாக இல்லை, கற்கும் வழியாகவே இருந்தது என்று வாதிடுகிறார். வாய்பாடு நாக்கில் இருந்தவனால்தான் களத்தில் நின்று நெல்லை மனக்கணக்காகப் பங்கிட முடிந்தது. பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையும் இங்கே உயிரோடு இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் அதைக் கண்ட ஆண்ட்ரூ பெல், இங்கிலாந்துக்கு எடுத்துச்சென்று ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் வைத்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட காலத்திலேயே சாமிநாதையர் தமக்கு இளையவர்களுக்குப் பாடம் சொல்லவும் செய்தார். பிறருக்குச் சொல்ல வேண்டுமானால் ஏட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்க முடியாதே.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கோபம் எழும். திண்ணைப் பள்ளியை நினைத்து யாருக்காக ஏங்குகிறீர்கள்? அந்தத் திண்ணையில் ஏற யாருக்கு உரிமை இருந்தது? நெல்லிலக்கம் கற்றவன் அளந்த நெல்லை விளைவித்தவனின் பிள்ளை, பள்ளிக்கூட நிழலைக்கூட மிதிக்க முடியாத நிலை இதே தஞ்சைத் தரணியில்தான் இருந்தது. பண்ணையாள்களுக்குச் சட்டப் பாதுகாப்பே 1952-ல்தான் வந்தது. ஒப்பிக்கத் தவறிய பிள்ளையைக் கோதண்டத்தில் தொங்கவிட்ட கொடுமையும் அந்தப் பள்ளிகளின் வரலாற்றில் உண்டு. கும்பகோணத்தில் கோவிந்த தீட்சிதர் நிறுவிய வேத பாடசாலையின் கதையும் இதுவே: சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்கிச் சொல்லும் கிரமம், ஜடை, கனம் ஆகிய பாட முறைகள் நினைவுக் கலையின் உச்சம் என்றால், அதன் வாசல் ஒடுக்கத்தின் உச்சம். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் பிரம்பையும் சாதியையும் ஒழிக்க வேண்டும் என்று புறப்பட்ட நாம், அவற்றோடு அன்றாடம் நினைவுகூரும் பழக்கத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டோம். ஒரு காலத்தில் சிலருக்கு மட்டும் கிடைத்த அந்தப் பயிற்சி, இன்று அரசுப் பள்ளியில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. வீட்டில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆள் இல்லாத பிள்ளை அது.

‘இது மனப்பாடத்துக்கு வக்காலத்து அல்லவா? புரிந்து படிப்பதுதானே கல்வி?’ என்பது அடுத்த மறுப்பு. புரியாததை நினைவுகூர முடியாது என்பது உண்மை. புரிந்துகொள்ளும் வாசிப்பு முதலில் நடந்தே ஆக வேண்டும். ஆனால் புரிதலும் நினைவும் எதிரிகள் என்ற எண்ணம் தவறு. ஒளிச்சேர்க்கையைப் புத்தகம் பார்க்காமல் தன் சொற்களில் எழுத முயலும் மாணவி, எந்த இடத்தில் தனக்குப் புரியவில்லை என்பதை அந்த நிமிடமே கண்டுகொள்கிறாள். வாசித்துக்கொண்டே போகிறவளுக்கு அந்த ஓட்டை கண்ணில் படுவதில்லை. கும்பகோணத்திலேயே இதற்கு அசாத்தியமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டவுன் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்தபோது ராமானுஜனின் கையில் கிடைத்த ஜி.எஸ்.கார் எழுதிய கணித நூல் பெரிய தத்துவ நூல் ஒன்றும் அல்ல. தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்தவர் எழுதிய சூத்திரத் தொகுப்பு. இன்றைய பேச்சில் சொன்னால் ஒரு கைடு. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், நிரூபணங்கள் மிகக் குறைவு. அதை உருப்போடாமல், ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்த்தார் ராமானுஜன். சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து மறுபடி எழுதினார். அவர் மேதை, எல்லாரும் அப்படி ஆக முடியாது. அது இங்கே பேச்சே அல்ல. கைடு கெடுதல், பாடநூல் நல்லது என்று நாம் ஓயாமல் போடும் சண்டையில் ஒரு விஷயம் விடுபட்டுப்போகிறது: எந்தப் புத்தகம் என்பதைவிட அதை வைத்துக்கொண்டு மாணவன் என்ன செய்கிறான் என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. (அதே ராமானுஜன் பிற பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.)

நினைவுகூர்வதில் பாதிப் பலன் இடைவெளியில் இருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே, அர்த்தமற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, மறதி எவ்வளவு விரைவாக வருகிறது என்பதை அளந்து காட்டினார். முதல் சில மணி நேரத்தில் சரிவு செங்குத்தாக இருக்கிறது. பிறகு மெல்ல மட்டப்படுகிறது. ஆகவே ஒரே நாளில் நான்கு மணி நேரம் ஒரு பாடத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, அதே நான்கு மணி நேரத்தை நான்கு வாரங்களில் பிரித்துப் போடுவது மேல். டெல்டா விவசாயிக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டியே வைத்திருக்க வேண்டும் என்ற பழைய எண்ணத்துக்கு மாற்றாக, கட்டிய நீர் மறைந்து மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றிய பிறகு அடுத்த தண்ணீர் விடும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை வேளாண் துறை பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கிறது. காய்ச்சலில் வேர் காற்றோட்டம் பெற்று ஆழத்துக்கு இறங்குகிறது. பாடத்துக்கும் அந்தக் காய்ச்சல் வேண்டும். கொஞ்சம் மறந்து, மீட்க முயலும்போது சிரமம் தட்ட வேண்டும். அந்தச் சிரமத்தில்தான் நினைவு உறுதிப்படுகிறது. மறப்பதற்கு முன்பே மறுபடி வாசித்துவிட்டால் அந்த வேலை நடப்பதே இல்லை. விடிய விடியக் கண்விழித்துப் படிப்பது இதனாலேயே இரட்டை நட்டம். இடைவெளியும் போகிறது, படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்ளும் உறக்கமும் போகிறது.

நம் ஊர் நாள்காட்டி இந்த இடைவெளியைத் தானாகவே தந்துவிடுகிறது. நாம்தான் அதை இழப்பாகப் பார்க்கிறோம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ ஒட்டித்தான் பள்ளியும் திறக்கிறது. வடகிழக்குப் பருவமழை வந்தால் ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை அடுத்தடுத்து வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்சாரம் திரும்ப வாரக் கணக்கில் ஆன ஊர்கள் உண்டு. பொங்கல் விடுமுறை, அறுவடை என்று தை மாதமும் துண்டு துண்டாகத்தான் போகிறது. ஒவ்வொரு விடுமுறைக்கும் ‘பாடம் பின்தங்கிவிட்டது’ என்று பதறி, திரும்பி வந்ததும் புதிய பாடத்தை இரட்டை வேகத்தில் ஓட்டுகிறோம். மழை விடுமுறை முடிந்து வரும் முதல் நாளின் முதல் பாடவேளையில் புத்தகத்தைத் திறக்காமல், ஜூன், ஜூலையில் நடத்தியதிலிருந்து பத்துக் கேள்விகள் கேட்டால் போதும். அந்த விடுமுறையே படிப்பின் ஒரு பகுதியாகிவிடும். நீர் தேங்கிய வீட்டில், கரண்ட் இல்லாத இரவில்கூடப் பாட்டியிடம் ‘வேர்த்தூவி என்றால் என்ன தெரியுமா?’ என்று சொல்லிப் பார்க்கப் பிள்ளைக்குப் புத்தகம் தேவையில்லை.

கணக்கில் இன்னொரு பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. பயிற்சி 3.1 என்றால் பத்துக் கணக்கும் ஒரே வகை. அடுத்த நாள் 3.2, அது வேறு வகை. எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் வேலையே மாணவனுக்கு இல்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. 2007-ல் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர், கனவடிவங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழுவுக்கு வகை வகையாகவும், இன்னொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியின்போது வகைப்படுத்திச் செய்தவர்கள் 89 சதவீதம் சரி. கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்த தேர்வில் முன்னவர்கள் 20 சதவீதம், பின்னவர்கள் 63 சதவீதம். பொதுத் தேர்வு வினாத்தாள் கலந்துதான் வரும். பயிற்சியை மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் பிள்ளையை ‘மெல்லக் கற்பவன்’ என்கிறோம்.

வலுவான மறுப்பு இனிமேல்தான். ‘இதெல்லாம் சரி. எங்கள் தேர்வு முறையே கடைசி நேர உருப்போடலுக்குப் பரிசு கொடுக்கிறது. பின்பக்க வினாவைப் படித்தால் மதிப்பெண் வருகிறது, தேர்ச்சி வருகிறது; பிறகு எதற்கு இந்தத் தொல்லை?’ இதில் உண்மை இருக்கிறது. நாளைக்கே தேர்வென்றால் திரும்ப வாசிப்பது கைகொடுக்கும் என்பதைத்தான் அந்த 83 சதவீதமும் சொல்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் கரைந்துபோன இயற்கணிதம் பதினொன்றில் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கிறது. பன்னிரண்டில் தேறியவர் கல்லூரி முதலாண்டில் அரியர் வைக்கிறார். பதினோராம் வகுப்புப் பாடத்தைச் சில தனியார் பள்ளிகள் நடத்தாமலே தாண்டிக் குதிப்பதைத் தடுக்கவே 2017-18-ல் அந்த வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. இரண்டு ஆண்டுகளையும் பன்னிரண்டாம் வகுப்புக்கே உருப்போடச் செய்த பிள்ளைகள், இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கேட்கும் நுழைவுத் தேர்வுகளில் திணறியதை நாடே பார்த்தது. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வை விலக்கியிருக்கிறது. பிள்ளைகளின் சுமை குறையும் என்பதால் அதை வரவேற்கலாம். பழைய தாண்டலுக்கு அது மறுபடி வழிவிடுமா என்ற ஐயமும் நியாயமானதே. தேர்வு இல்லாவிட்டால் படிப்பு இல்லை என்ற நிலையை மாற்றாமல் தேர்வை மட்டும் சேர்ப்பதாலும் எடுப்பதாலும் எதுவும் ஆகிவிடாது.

சோதனையே வேண்டாம், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மன அழுத்தம் என்று கவலைப்படுவோர் உண்டு. அவர்கள் அஞ்சுவது மதிப்பெண்ணுக்கு. அதை எடுத்துவிட்டால் சோதனை ஒரு பயிற்சி மட்டுமே. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தின் கொலம்பியா என்ற சிற்றூர் நடுநிலைப் பள்ளியில் ரோடிகர் குழுவினர் ஆண்டுக் கணக்கில் இதைச் செய்து பார்த்தார்கள். வகுப்பில் அவ்வப்போது சிறு வினாக்கள் கேட்கப்பட்ட பாடப் பகுதிகளில் மாணவர்கள் பின்னர் வந்த தேர்வுகளில் கூடுதலாகவே எடுத்தார்கள். ஆய்வுக்கூடம் அல்ல, சாதாரண வகுப்பறை. நம் பள்ளிகளிலும் ஸ்லிப் டெஸ்ட் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு மதிப்பெண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, தவறியவனை வெயிலில் நிறுத்தி, அதைத் தண்டனையாக மாற்றிவைத்திருக்கிறோம். நாற்பது தாள்களைத் திருத்தும் சுமை ஆசிரியர் தலையில் விழுவதால் அதுவும் மாதத்துக்கு ஒரு முறை என்று சுருங்குகிறது. திருத்தவே வேண்டாம். ஐந்து கேள்வி: நேற்று நடத்தியதில் இரண்டு, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று, ஜூன் மாதத்தில் ஒன்று. புத்தகத்தை மூடி எழுதட்டும். பிறகு திறந்து தானே சரிபார்க்கட்டும். சரிபார்ப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது, இல்லாவிட்டால் தவறான விடையே மனத்தில் ஊறிவிடும். பத்து நிமிட வேலை.

உட்கார இடமில்லாத வீடு, நடவுக்கும் களைக்கும் போகும் அம்மா, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அக்கா; இவர்களிடம் படிப்பு முறை பற்றிப் பேசுவது வசதி படைத்தவர்களின் உபதேசமாகிவிடாதா என்று கேட்கலாம். வசதியைக் கேட்பது மற்ற முறைகள்தான். டியூஷனுக்குப் பணம் வேண்டும், மூன்று மணி நேர வாசிப்புக்கு மேசையும் மின்விசிறியும் அமைதியும் வேண்டும். மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டே, பேருந்துக்கு நின்றுகொண்டே நினைவுகூர முடியும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கேட்க ஒருவர் சொல்லலாம். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலை நேரத்தில் ஊருக்குள்ளேயே தன்னார்வலர் ஒருவரோடு பிள்ளைகள் உட்காரும் வழக்கத்தைக் கிராமங்களுக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறது. அத்தகைய மாலைக் கூடல்களில் மீண்டும் ஒரு பாடம் நடத்துவதைவிட, அன்று பள்ளியில் கேட்டதைப் பிள்ளைகளையே சொல்லவைப்பது தன்னார்வலருக்கும் எளிது.

இதைத் தொடங்கச் சரியான இடம் பதினோராம் வகுப்புதான். பொதுத் தேர்வின் கெடுபிடி இல்லை, தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டி யாரும் விளக்கம் கேட்கப்போவதில்லை. மாவட்டத்துக்கு நாலைந்து பள்ளிகளில், ஒரே பாடத்தில், ஒரு பிரிவில் அன்றாடம் அந்த ஐந்து கேள்வி, இன்னொரு பிரிவில் வழக்கமான முறை என்று ஜூனில் தொடங்கலாம். அரையாண்டில் ஒரு முறையும், பன்னிரண்டாம் வகுப்பு திறக்கும் முதல் வாரத்தில் முன்னறிவிப்பில்லாமல் இன்னொரு முறையும் இரு பிரிவுகளுக்கும் ஒரே வினாத்தாள் கொடுத்துப் பார்க்கலாம். அரையாண்டில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் போகலாம். கோடை விடுமுறை கழித்து எழுதும் அந்த இரண்டாவது தாளைத்தான் முதன்மைக் கல்வி அலுவலர் தன் மேசைக்கு வரவழைத்துப் பார்க்க வேண்டும்.